தலைவருக்கும் ஒரு கணக்கு நோட்டு

(விவசாய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)

இந்த நேரத்தில் வழக்கமாக விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்று யாராவது வந்து பேசுவார்கள். நான் இன்றைக்குப் பேச வந்திருப்பது கொஞ்சம் வேறு சங்கதி. நம் ஊர்களில் ஏரிப் பாசன சங்கம் இருக்கிறது. பால் சங்கம் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. இப்போது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் நிறைய வந்துவிட்டன. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரோ தலைவியோ உண்டு. சங்கத்தின் வரவு செலவுக்குக் கணக்கு நோட்டு உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம் தணிக்கைக்காரர் வந்து புரட்டிப் பார்ப்பார். சரி, அந்தத் தலைவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்குக் கணக்கு எழுதுவது யார்? அதைத் தணிக்கை செய்வது யார்?

அதை அவரேதான் செய்துகொள்ள வேண்டும். எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

"நமக்குப் புத்தி சொல்ல இவர் யாரு?" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். நான் காஞ்சிபுரம் பக்கத்தில் ஓர் ஏரிப் பாசன விவசாயி. மூன்று ஏக்கர் நஞ்சை. 2013 முதல் ஆறு வருஷம் எங்கள் ஊர் ஏரிச் சங்கத்துக்குத் தலைவனாக இருந்தேன். அந்த ஆறு வருஷத்தில் ஒரு பெரிய தப்புச் செய்தேன். பிறருக்குப் புத்தி சொல்ல எனக்கு இருக்கிற ஒரே தகுதி அதுதான். அதனால் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 39,000 இருக்கின்றன. அதில் எங்களுடையதும் ஒன்று. ஆயக்கட்டு 240 ஏக்கர். ஏரிப் பாசனக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மதகுக்குப் பக்கத்தில் இருக்கிற வயல் தலைமடை. வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல் கடைமடை. தண்ணீர் நிறைய இருக்கிற வருஷத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் தலைமடைக்காரர் வீட்டில் சோறு வேகும், கடைமடைக்காரர் கடன் வாங்கப் போவார். என்னுடைய மூன்று ஏக்கரும் மதகை விட்டு இறங்கியதும் முதல் மடை. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு நீர்க்கட்டி இருக்கிறார். மதகைத் திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துக் கட்டுவது எல்லாம் அவர் வேலை. தெற்குச் சீமையில் இதே வேலை செய்பவரை நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பர் என்றும் சொல்வார்கள். பல ஊர்களில் இந்த வேலையைக் காலனிக்காரர்களிடம்தான் விட்டிருந்தார்கள். ஆயக்கட்டில் அவர்களுக்குச் சொந்த நிலம் இருக்காது. நிலம் இல்லாதவன் கையில் தண்ணீரைக் கொடுத்தால் ஓர வஞ்சனை வராது என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த மனுஷருக்கு நாம் கொடுத்த மரியாதை என்ன? எங்கள் நீர்க்கட்டிக்கு என் அப்பா வயசு. நான் அவரை "வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். கூட்டத்தில் நாங்கள் எல்லாம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம். அவர் கீழே படியோரம் நின்றுகொண்டிருப்பார். அது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

2016-ஆம் வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. தமிழ்நாடு முழுவதுக்கும் சேர்த்து வழக்கமான மழையில் 62 சதவீதம் குறைவு. எங்கள் ஏரி வெறும் தரையாகக் கிடந்தது. டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. அந்த ஒரு மழையில் ஏரிக்குப் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தது. நவரைப் பட்டம். நாற்று விடலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டோம்.

நீர்க்கட்டி ஏரிக்குள் இறங்கி அளவுக்கல்லைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் சொன்னார்: "இந்தத் தண்ணி முழு ஆயக்கட்டுக்கும் வராதுங்க. ஆளுக்குப் பாதி நிலத்துல நடுங்க. மீதியைப் போட்டுடுங்க. அப்பத்தான் கடைசி வரைக்கும் நான் தண்ணி கொண்டு போய்ச் சேர்க்க முடியும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு என்ன, நிலமா இருக்கு? பேசாம இரு. இன்னொரு மழை வரும்" என்றேன். கூட்டத்தில் இருந்த தலைமடைக்காரர்கள் சிரித்தார்கள். கடைமடைக்காரர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் முழுசாக நடலாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

விவசாயக் கணக்கைப் பாருங்கள். ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று சொல்கிறார்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். பாதி ஏரித் தண்ணீரில் முழு ஆயக்கட்டும் விளையாது என்று சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அப்படித் தீர்மானம் போட்டேன்? அப்போது கேட்டிருந்தால், "விவசாயிகள் நஷ்டப்படக் கூடாது என்றுதான்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருப்பேன். உண்மை என்னவென்றால், தண்ணீர் எப்படிப் போனாலும் என் மூன்று ஏக்கர் விளைந்துவிடும். அந்தத் தைரியம்தான் என்னைப் பேச வைத்தது.

நட்டோம். 105 நாள் ரகம், ஆடுதுறை 37, எங்கள் பக்கத்தில் குண்டு நெல் என்போம். இன்னொரு மழை வரவில்லை. பிப்ரவரி கடைசியில், பயிர் பூக்கிற சமயம் பார்த்து, மதகில் தண்ணீர் நின்றுபோச்சு. நெல்லுக்கு மற்ற நாளில் நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்கும். பொதி கட்டுகிற நாளிலும் பூக்கிற நாளிலும் தாங்காது. அப்போது வயல் காய்ந்தால் மணி பிடிக்காது. வெளியே பார்த்தால் கதிர் நிமிர்ந்து அழகாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

தலைமடை ஓரளவு தப்பியது. நடுப் பகுதி அரையும் குறையும். கடைமடையில் சுமார் 60 ஏக்கர் மாட்டுக்குத் தீவனமாகப் போச்சு. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளந்து கொடுப்பதுதான் எங்கள் ஊரில் நீர்க்கட்டிக்குக் கூலி. கடைமடையில் நெல் இல்லாததால் அவருடைய கூலியும் போச்சு. எச்சரிக்கை செய்தவருக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

ஒரு நாள் காலையில் கடைமடையிலிருந்து ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். புருஷன் இல்லாதவர். ஒன்றரை ஏக்கர்தான் அவருக்கு. கையில் ஒரு கொத்துக் கதிர். "தலைவரே, இதை உருவிப் பாருங்க" என்றார். உருவினேன். எல்லாம் பதர். ஊதினால் பறக்கிறது. அவர் திட்டவில்லை, அழவில்லை. "நகையை வச்சுதான் நட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க நான் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். மழை பெய்யவில்லை. ஏரி தூர்ந்து கிடக்கிறது. நீர்க்கட்டி முறையைச் சரியாகக் கட்டவில்லை. ராத்திரியில் யாரோ வாய்க்காலை வெட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றாக வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "மழை பெய்யலேன்னா எல்லாருக்கும்தானே பெய்யலை? நம்ம வயல்ல மட்டும் எப்படிங்க வெளஞ்சுது?"

எனக்குப் பதில் வரவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

நண்பர்களே, ஒரு தலைவர் திருந்துவதற்கு முதல் படி அதுதான். தன் முடிவால் ஊருக்கு வந்த நஷ்டத்தையும் தனக்கு வந்த லாபத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் சாதாரணமாக இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறோம். நஷ்டத்தை மழையின் பேரில் எழுதுகிறோம். லாபத்தை நம் சாமர்த்தியத்தின் பேரில் எழுதுகிறோம்.

மறுநாள் நீர்க்கட்டி வீட்டுக்குப் போனேன். அது வரைக்கும் அவர் வீடு எந்தத் தெருவில் என்று தெரியுமே தவிர, அந்தத் தெருவுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. "பெரியவரே, அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் வேணாங்க. அடுத்த கூட்டத்துல என்னை உட்கார வச்சுக் கேளுங்க. அது போதும்."

மன்னிப்புக் கேட்பது சுலபம். அவர் கேட்டதுதான் கஷ்டம். கூட்டத்தில் அவருக்கு மண்டபத்தில் இடம் கொடுத்தபோது மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் எனக்கு வேண்டியவர்கள். போனவர்களைச் சமாதானப்படுத்த நான் பின்னால் ஓடவில்லை. அவர்களில் இரண்டு பேர் அடுத்தடுத்த கூட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஒருவர் வரவே இல்லை.

இனி, நான் கற்றுக்கொண்டு செய்து பார்த்த சில பழக்கங்களைச் சொல்கிறேன். காசு செலவு இல்லாதவை. எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும்.

முதலாவது: கடைமடையிலிருந்து நடந்து வாருங்கள். முன்பெல்லாம் வாய்க்காலைப் பார்க்க நான் மதகில் ஆரம்பிப்பேன். என் வயல், நண்பர்கள் வயல் என்று பேசிக்கொண்டே வருவேன், வெயில் ஏறிவிடும், பாதியில் திரும்பிவிடுவேன். கடைமடை வரைக்கும் போன நாட்கள் குறைவு. பிறகு வாரத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் கடைசி வயலில் ஆரம்பித்து மேலே வந்தேன். அதே வாய்க்கால்தான். ஆனால் கீழே நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. மேலே "கொஞ்சம் கசிவு" என்று நாம் விட்டுவிடுகிற இடம், கீழே ஒருத்தருக்கு ஒரு நாள் முறைத் தண்ணீர். பால் சங்கத் தலைவரானால், கடைசியாகப் பால் கொண்டு வருகிற ஒற்றை மாட்டுக்காரரிடம் ஆரம்பியுங்கள். மகளிர் குழுத் தலைவியானால், தவணை கட்ட முடியாமல் கூட்டத்துக்கே வராத பெண்ணின் வீட்டில் ஆரம்பியுங்கள்.

இரண்டாவது: கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். தலைவர் முதலில் பேசிவிட்டால் கூட்டம் அங்கேயே முடிந்துபோகிறது. மற்றவர்கள் தலைவர் சொன்னதற்குத் தலையாட்டுவார்கள், அல்லது சண்டைக்கு வருவார்கள். மனசில் உள்ளது வெளியே வராது. பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். பேசிப் பழக்கமில்லாதவருக்கு வாய் திறக்க நேரம் பிடிக்கும். மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ளாதீர்கள். நான் எழுதி, 60 ஏக்கர் போனது.

மூன்றாவது: தலைவருக்கென்று தனியாக ஒரு நோட்டு. பெரிய நோட்டு வேண்டாம். பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த நோட்டு போதும். ராத்திரி படுக்கப் போகுமுன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இன்றைக்கு நான் எடுத்த முடிவால் யாருக்குக் கஷ்டம், அவரை முன்கூட்டியே கேட்டேனா? எனக்குப் பிடிக்காத பேச்சு எது வந்தது, அதில் எவ்வளவு உண்மை? சங்கத்துக்காக இன்றைக்குச் செய்த காரியத்தில் எனக்கோ என் உறவுக்காரருக்கோ என்ன லாபம் கிடைத்தது?

மூன்றாவது கேள்விதான் முள். ஒரு உதாரணம் சொல்கிறேன். வாய்க்கால் தூர் எடுக்கச் சங்கச் செலவில் ஜேசிபி வைத்தோம். வேலையை மதகிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். அதுதானே முறை என்று நினைத்தேன். டீசல் பணம் முக்கால் வாய்க்காலிலேயே தீர்ந்துபோச்சு. ராத்திரி நோட்டை எடுத்து மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதினேன்: "முதலில் சுத்தமானது என் வரப்பு ஓரம்." எழுதியதும் எனக்கே சங்கடமாக இருந்தது. மறு வருஷம் கடைசியிலிருந்து வேலையை ஆரம்பித்தோம். பணம் போதாமல் போனபோது பாக்கி நின்றது தலைமடைப் பகுதி. அதை நாங்களே மண்வெட்டி பிடித்துச் செய்துகொண்டோம். எங்களுக்கு வசதி இருந்தது, செய்தோம்.

நான்காவது: குறை சொல்பவர் பெயரை நோட்டில் எழுதாதீர்கள்; குறையை மட்டும் எழுதுங்கள். யாராவது நம்மைப் பற்றி ஒன்று சொன்னால், உடனே நாம் என்ன கேட்கிறோம்? "யார் சொன்னது?" அவனா, அவனுக்கு என் மேலே பொறாமை, அவளா, அவளுக்கு லோன் கிடைக்கவில்லை என்று கோபம். பெயர் தெரிந்ததும் குறை மறைந்துபோகிறது. பெயர் இல்லாமல் எழுதி வைத்து, ஒரு ராத்திரி ஆறப் போட்டு, காலையில் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் உண்மையாக இருக்கும். இல்லாவிட்டால் அடித்துவிடுங்கள்; நஷ்டம் ஒன்றுமில்லை.

ஐந்தாவது: இறங்க வேண்டிய நாளை ஏறும்போதே குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறை அதில் விவரமாக இருக்கிறது. வருஷத்து வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு ஏரி வாரியம் என்றும் ஒன்று. அதற்கு ஆறு பேர். பதவி 360 நாள். முந்தைய மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைப் போடக் கூடாது. அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவுக்காரர் பெயரையும் போடக் கூடாது.

அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது வேதம் படித்த நிலக்காரர்களின் சபை. எங்கள் நீர்க்கட்டிக்கோ அந்தக் கடைமடை அம்மாவுக்கோ அதில் ஓலை கிடையாது. அந்தக் குறையை நாம் தொடர வேண்டாம். ஆனால் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு விஷயத்தைப் புரிந்துவைத்திருக்கிறார்கள்: நல்லவனாக இருந்தாலும் நாற்காலியில் ரொம்ப நாள் உட்கார்ந்தால் அவனுக்குத் தன் குறை தெரியாமல் போகும். அதற்காகத்தான் மூன்று வருஷம் வெளியே இரு என்றார்கள். வெளியே இருக்கும்போதுதான் மற்றவர் தீர்மானம் நம் தலையில் எப்படி விழுகிறது என்று தெரியும்.

இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, காரியத்தில் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2018-இலும் வடகிழக்குப் பருவமழை குறைந்தது. வழக்கத்தில் ஏறக்குறைய கால்வாசி குறைவு. எங்கள் ஏரியில் மறுபடியும் பாதித் தண்ணீர். மறுபடியும் நவரைக்குக் கூட்டம். இந்தத் தடவை நீர்க்கட்டி மண்டபத்தில் உட்கார்ந்து முதலில் பேசினார். அளவுக்கல் கணக்கைச் சொன்னார். கடைமடைக்காரர்கள் பேசினார்கள். தலைமடைக்காரர்கள் கத்தினார்கள். நான் கடைசியாகப் பேசினேன். ஆளுக்குப் பாதி நிலத்தில் நெல், மீதியில் 65, 70 நாளில் வருகிற உளுந்து என்று முடிவாச்சு. உளுந்துக்கு நெல்லில் கால்வாசித் தண்ணீர் போதும்.

நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினோம். அரை அடி ஆழத்துக்குத் துளை போட்ட குழாயை வயலில் இறக்கி வைத்து, உள்ளே தண்ணீர் மட்டம் 15 சென்டிமீட்டர் கீழே போன பிறகே மறுபடியும் பாய்ச்சினோம். மேலே வெடிப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் வேர் மட்டத்தில் ஈரம் இருப்பது தெரியும். பூக்கிற சமயத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் மட்டும் வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். முறை வைத்தது கடைமடையிலிருந்து. தலைமடைக்குக் கடைசி முறை.

விளைந்ததா? விளைந்தது. பாதி நிலத்தில்தான். பொங்கிப் பெருகிவிடவில்லை. ஆனால் மொத்தமாகக் கருகிப்போன வயல் என்று ஒன்று கூட இல்லை. உளுந்து சுமாராக வந்தது. எனக்கு முந்திய நவரையைவிட வருமானம் குறைவுதான். என் சொந்த அண்ணன், அவரும் தலைமடைதான், ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. "ஊருக்கு நல்லவன் ஆகறதுக்கு எங்க வயித்துல அடிச்சான்" என்று டீக்கடையில் சொன்னாராம். யார் சொன்னது என்று நோட்டில் எழுதவில்லை, சொன்னதை எழுதினேன். யோசித்துப் பார்த்தேன். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. கடைமடையைக் கேட்ட நான், அந்தத் தடவை தலைமடைக்காரர்களை வீடு தேடிப் போய்க் கேட்கவில்லை. நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் அதுவும் ஒரு மப்பு. போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே பேசிவிடவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்க அண்ணியை அனுப்பினார். அதுவே பெரிசு.

அந்தக் கடைமடை அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-இல் அடகு வைத்த நகை மீளவில்லை, மூழ்கிப்போச்சு. அவருடைய மகன் நிலத்தை விட்டு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். 2019 அறுப்பில் அவர் வயலில் நெல் வந்தது. களத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையைத் தூக்கி விடச் சொன்னார். தூக்கி விட்டேன். நாம் திருந்துவது நம் கடமை; அதற்கு நஷ்டப்பட்டவர் பாராட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு பேராசைதான். அன்று ராத்திரி நோட்டில் அதையும் எழுதினேன்.

அந்த அறுப்போடு நான் இறங்கிக்கொண்டேன். இப்போது கடைமடைக்காரர் ஒருவர் தலைவர். அவரும் தப்புச் செய்கிறார். கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு, கேட்டால் மட்டும் சொல்வது என்பது, தலைவராக இருப்பதைவிட எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதையும் பழகிக்கொண்டு வருகிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லை "ரேடியோ நெல்" என்றே சொன்னார்கள். வானொலியில் கேட்டே அவ்வளவு பேர் அதை விதைத்தார்கள். முகம் தெரியாத ஒருவர் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதை நம்பி விதை மாற்றிய ஜனங்கள் நாம். கேட்கிற குணம் நமக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே காதைப் பக்கத்து வயல்காரருக்கும், படியோரம் நிற்கிறவருக்கும், வீட்டில் சாப்பாடு போடுகிறவருக்கும் கொடுத்தால் போதும்.

இன்றைக்கு ராத்திரி ஒரு பழைய நோட்டைத் தேடி எடுத்து வையுங்கள். அந்த மூன்று கேள்வியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். நாளைக் காலையில் வாய்க்காலுக்குப் போனால், கடைசி வயலிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள்.